முதல் கூட்டத்தின் வாசல்வரை: குடியிலிருந்து மீள்பவர்களின் அனுபவப் பகிர்வு

மதுரையிலிருந்து ஓர் உறுப்பினர்:

குடியை விட விரும்புவோர் ஒன்றுகூடி ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் கூட்டத்தைத் தேடி நான் முதன்முறை போன செவ்வாய்க்கிழமை மாலையில், முகவரி கையில் இருந்தும் உள்ளே போகவில்லை. தேவாலயத்தை ஒட்டிய பள்ளி வளாகத்தில் ஒரு வகுப்பறை என்பது மட்டும் தெரியும். வாயிற்காவலர் "யாரைப் பார்க்கணும்?" என்று கேட்டபோது, குடியை விடுவதற்காக வந்திருக்கிறேன் என்று சொல்ல நா எழாமல், இடம் மாறி வந்துவிட்டதாகச் சொல்லித் திரும்பிவிட்டேன். நண்பகல் 12 மணிக்கு டாஸ்மாக் கடை திறக்கும் முன்பே தெரிந்தவர்கள் பார்க்க வரிசையில் நின்று பழகிய எனக்கு, அந்த ஒரு கேள்விக்கு விடை சொல்லத் துணிவில்லை.

அடுத்த வாரம் அவர்களுடைய உதவி எண்ணை அழைத்தேன். பேசியவர் என் பெயரைக் கேட்கவில்லை. கடைசியாக எப்போது குடித்தேன், காலையில் கை நடுங்குகிறதா என்றுதான் கேட்டார். நடுங்குகிறது என்றதும், "கூட்டம் இருக்கட்டும், முதலில் டாக்டரைப் பாருங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்" என்று உறுதியாகச் சொன்னார். நாள்தோறும் மிகுதியாகக் குடித்துவந்தவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாள்களுக்குள் வலிப்பு வரலாம் என்பதும், அதையடுத்த நாள்களில் இல்லாத உருவங்களைக் கண்டு பிதற்றும் நிலை ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம் என்பதும் அதுவரை எனக்குத் தெரியாது. மன உறுதி இருந்தால் வீட்டிலேயே நிறுத்திவிடலாம் என்று அறிவுரை சொன்னவர்கள்தான் என்னைச் சுற்றி இருந்தார்கள். எட்டு நாள் மருத்துவமனையில் இருந்து, நடுக்கம் அடங்கி வீடு திரும்பினேன்.

அதே மனிதர் அடுத்த செவ்வாயன்று பேருந்து நிறுத்தத்தில் காத்திருந்து, காவலரிடம் தாமே பேசி, என்னை உள்ளே அழைத்துப் போனார். பதினைந்து பேர் இருந்திருப்பார்கள். தேநீர் கொடுத்தார்கள், பேச விருப்பமில்லாவிட்டால் கேட்டுக்கொண்டிருந்தால் போதும் என்றார்கள். ஒருவர், மகளின் பள்ளிக் கட்டணத்தைக் குடித்துத் தீர்த்துவிட்டு, பணம் கட்டியாயிற்று, ரசீதுதான் தொலைந்துவிட்டது என்று மனைவியிடம் சொன்னதைப் பற்றிப் பேசினார். அதே பொய்யை நானும் என் வீட்டில் சொல்லியிருக்கிறேன் என்பதால், அதன் பிறகு எழுந்து போகத் தோன்றவில்லை. முடிவில் ஒரு பை கைமாறி வந்தபோது, புதியவர்கள் எதுவும் போட வேண்டாம் என்றார்கள். குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பத்தைத் தவிர உறுப்பினராக வேறு தகுதியோ கட்டணமோ இல்லை என்று அன்றுதான் அறிந்தேன். கூட்டம் ஏழு மணி முதல் எட்டரை வரை நடந்தது. என் குடி நேரமும் சரியாக அதுவே. தொடக்க மாதங்களில் நான் கேட்ட பேச்சைவிட, அந்த நேரத்தில் நான் அங்கே உட்கார்ந்திருந்ததுதான் எனக்குப் பெரிதும் உதவியது என்று நம்புகிறேன்.

இந்த அமைப்பே ஒரு தொலைபேசி அழைப்பிலிருந்துதான் பிறந்தது என்று பிறகு சொன்னார்கள். 1935 மே மாதம் அமெரிக்காவின் அக்ரன் நகரில், போன வேலை தோற்று, விடுதிக் கூடத்தில் தனியாக நின்ற பில் வில்சன், அருகிலிருந்த மதுக்கூடத்துக்குள் நுழைந்துவிடாமல் இருப்பதற்காக ஒரு பாதிரியாரைத் தொலைபேசியில் அழைத்து, தாம் பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளி வேண்டும் என்று கேட்டாராம். அந்த அழைப்பின் தொடர்ச்சியாகக் கிடைத்தவர்தான், அவருடன் சேர்ந்து இந்த அமைப்பைத் தொடங்கிய மருத்துவர் பாப் ஸ்மித். வாசலில் திரும்பிப் போனவனுக்கு இந்தச் செய்தி தந்த ஆறுதலை என்னால் முழுதாகச் சொல்ல இயலாது.

கோயம்புத்தூரிலிருந்து ஓர் உறுப்பினர்:

நான் தேடியது என் கணவருக்காக. முகவரி கேட்டு அழைத்தபோது, "அவர் வர விரும்புகிறாரா, அம்மா?" என்று கேட்டார்கள், பதில் சொல்ல முடியவில்லை. குடிப்பவர்களின் குடும்பத்தாருக்கென்று அல்-அனான் என்ற தனிக் கூட்டம் இருப்பதை அப்போதுதான் சொன்னார்கள். புட்டியைத் தேடி எடுத்துக் கொட்டுவதும், அவருக்குக் காய்ச்சல் என்று அலுவலகத்துக்கு அழைத்துச் சொல்வதும் மனைவியின் கடமை என்று ஒன்பது ஆண்டுகள் நினைத்திருந்தேன். இப்போது அப்படி அழைப்பதில்லை. அவர் இன்னும் எந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை. நான் சனிக்கிழமைதோறும் போகிறேன், இரவில் தூங்குகிறேன். எங்கே தொடங்குவது என்றே தெரியாதவர்கள் 14446 என்ற கட்டணமில்லா தேசிய உதவி எண்ணை அழைத்துக் கேட்கலாம்.

சென்னையிலிருந்து ஓர் உறுப்பினர்:

நான் போன அறையில் நான் ஒருத்திதான் பெண். யாருடைய மனைவியோ என்று எண்ணி, குடும்பத்தாருக்கான கூட்டம் வேறு நாளில் என்று ஒருவர் கனிவாகவே சொன்னார். "எனக்காகத்தான் வந்திருக்கிறேன், ஐயா" என்று சொல்லி முடிப்பதற்குள் வியர்த்துவிட்டது. அவர் உடனே மன்னிப்புக் கேட்டு நாற்காலி தந்தார். கூட்டம் முடிந்ததும், பல ஆண்டுகளாகக் குடிக்காமல் இருக்கும் ஓர் அக்காவுடன் தொலைபேசியில் பேச வைத்தார். புதிதாகப் போகும் பெண்கள் நாளையும் நேரத்தையும் மட்டும் கேட்காமல், அது எவரும் வரக்கூடிய திறந்த கூட்டமா, குடிநோயாளிகளுக்கு மட்டுமான மூடிய கூட்டமா, பெண்கள் வருகிறார்களா என்பதையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இந்த நகரில் தனியாக உள்ளே போகத் தயங்கும் பெண் யாரேனும் இருந்தால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். வரும் ஞாயிறு அரை மணி நேரம் முன்பாகவே வந்து வாசலில் நிற்கிறேன்.