கிணத்தில இறைக்கேக்க புட்வால்வு (உறிஞ்சு குழாயின்ர அடிவாய் வால்வு) தண்ணிக்குள்ளதான் நிக்குது, பிறகேன் காத்து இழுக்குது? சுழி கண்ட ஆக்கள் எழுதுங்கோ

கோண்டாவில் இறைப்பு:
2 இஞ்சி மெசின், நிமிசத்துக்கு 300 லீற்றர், புட்வால்வுக்கு மேல ஒன்றரை அடித் தண்ணி. மிதந்த பூவரசம் இலை ஒண்டு முதல்ல சும்மா வட்டம் போட்டுது. வட்டம் சுருங்கிச் சுருங்கி, குழாயில இருந்து ஒரு சாண் தள்ளி இலை செங்குத்தா நிமிந்து, காம்பு மேல பாக்க உள்ள போட்டுது. போன இடத்தில சுண்டுவிரல் மொத்தத்தில ஓட்டை, தண்ணி மட்டத்தில இருந்து வால்வு வாய் வரைக்கும். அடுத்த மூச்சில வாய்க்காலுக்கு வந்த தண்ணி பால் நிறமாகி, இருமி இருமி விழுந்துது.
கணக்கு இதுதான்: வாய்க்கு மேல வேண்டிய மூழ்கு ஆழம் = D × (1 + 2.3 × புரூட் எண்). D வாய் விட்டம், புரூட் எண் தண்ணி வேகத்தை ஈர்ப்போட ஒப்பிடுற அளவு. வேகம் 2.55 மீ/செ, புரூட் எண் 3.6, ஆழம் 47 செ.மீ. இருந்தது 46.

வழுக்கியாறு:
அந்த ஒரு செ.மீற்றரைப் பிடிச்சுக்கொண்டு நிக்காதேங்கோ. அந்தச் சூத்திரம், தண்ணி நேரா, சீரா வாற தொட்டிக்கு. எங்கட சுண்ணாம்புக்கல் கிணத்தில ஊற்றுக்கண் ஒரு பக்கத்தில இருக்கும், குழாயும் சுவரோட ஒட்டி நிக்கும். சுழற்சி அங்கதான் பிறக்குது. அரை மீற்றர் தள்ளி 2 செ.மீ/செ வேகத்தில தண்ணி அசைஞ்சாலே போதும். கண்ணுக்கே பிடிபடாத அசைவு அது. ஆரையும் வேகமும் பெருக்கினா மாறாது எண்டு வைச்சால், மையத்தில இருந்து 5 மி.மீற்றரில அது 2 மீ/செ ஆகும். றாங்கின் சுழியில (நடு திண்மமாச் சுத்துற, வெளியில வேகம் குறைஞ்சு போற மாதிரிச் சுழி) மேற்பரப்புப் பள்ளம் v²/g (வேகத்தின்ர வர்க்கத்தை ஈர்ப்பு முடுக்கத்தால பிரிச்சது), அதாவது 41 செ.மீ. உங்கட ஓட்டை எப்பிடி வால்வு வரை போனது எண்டதுக்குப் பதில் இதுக்குள்ள இருக்கு.

நீர்வேலி:
வட அரைக்கோளம் எண்டபடியா இடஞ்சுழியாத்தான் சுத்தும். குழாயை மற்றப் பக்கம் மாத்தினாச் சரிவரும்.

வழுக்கியாறு:
@நீர்வேலி, பூமிச் சுழற்சிக்கும் இதுக்கும் தொடர்பில்லை. 1962இல் அமெரிக்காவில எம்ஐடியில ஷப்பிரோ எண்ட ஆய்வாளர் பூமிச் சுழற்சியின்ர விளைவைக் காட்டுறதுக்கு, தொட்டித் தண்ணியை 24 மணித்தியாலம் அசையாமல் விட்டுத்தான் திறந்தவர். அது பொஸ்ரன் பக்கம், 42 பாகை. யாழ்ப்பாணம் 9.7 பாகை, இங்க அந்த விசை அதில கால்வாசி. குழாயை மாத்தினாச் சுழி நிக்கலாம், ஆனா அது ஊற்றுக்கண்ணுக்கும் குழாய்க்கும் உள்ள கோணம் மாறினபடியா.

மாதிரித் தொட்டி:
கட்ட முதல் சின்ன மாதிரியில சுழி வருமோ எண்டு பாக்கலாம். பெரிய நீர் உள்ளெடுப்பு ஒண்டை எடுங்கோ: மணிவாய் (மணி மாதிரி விரிஞ்ச குழாய் வாய்) விட்டம் 0.8 மீ, வாயில 1.7 மீ/செ. புரூட் விதிப்படி (மாதிரியிலயும் நிசத்திலயும் புரூட் எண் ஒண்டா இருக்க) 1:10இல் மாதிரி கட்டினால் வாய் 8 செ.மீ, வேகம் 0.54 மீ/செ. 30 பாகைத் தண்ணியில ரெயினோல்ட்ஸ் எண் (ஓட்டத்தைப் பாகுநிலையோட ஒப்பிடுற அளவு) 54,000தான் வரும். 60,000க்குக் குறைஞ்சால் பாகுநிலை சுழியை அமத்திப்போடும், மாதிரியில நல்ல பிள்ளையா நிண்டது கட்டின பிறகு காத்து இழுக்கும். 1:8இல் 75,000 வருது, வேபர் எண் (ஓட்டத்தை மேற்பரப்பு இழுவிசையோட ஒப்பிடுற அளவு) 500 (240க்கு மேல இருக்கோணும்), பாச்சல் 4.7 லீற்றர்/செ. அதே 1:8 மாதிரி 20 பாகைத் தண்ணியில விளிம்பில நிக்கும், 60,000. தொட்டிக்குள்ள வெப்பமானி போடாமல் எடுத்த முடிவை நம்பவேண்டாம்.
மறக்கேலாத காட்சி கொண்டிஸ் நூல். மேற்பரப்பில குழி இல்லை, வெறும் நெளிவு. கொண்டிஸ் (பொட்டாசியம் பேர்மாங்கனேற்று) கரைசலை ஊசியால மெதுவா விட்டால், ஊதா நூல் ஒண்டு முறுகிக்கொண்டு நேரா வாய்க்குள்ள இறங்குது. சுழியைப் பலத்தின்படி பிரிக்கிற ஆறு வகையில அது மூண்டாவது. நாலாவது குப்பையை இழுக்கும், அஞ்சாவது குமிழி, ஆறாவது முழுக் காத்துக்குழல். 10 நிமிசம் பாத்து, அந்த நூல் நூற்றுக்கு 10 பங்கு நேரத்துக்கு மேல நிண்டால் வடிவமைப்பை மாத்தோணும்.

கணினிப் பக்கம்:
தொட்டி கட்டாமல் கணினியில செய்யிறவைக்கு ஒண்டு. சாதாரண கே-எப்சிலன் (கொந்தளிப்பைக் கணிக்கிற ஒரு மாதிரிச் சமன்பாடு) போட்டால் சுழி மையத்தில கொந்தளிப்புப் பாகுநிலை பொய்யாக் கூடி, மையம் தடிச்சு, பள்ளம் ஆழம் குறைஞ்சு வரும். "சுழி இல்லை" எண்டு அறிக்கை எழுதிப்போடுவியள். வளைவுத் திருத்தம் போட்ட எஸ்எஸ்ரி (இன்னொரு கொந்தளிப்பு மாதிரி), இல்லாட்டில் பெரிய சுழல்களை நேராக் கணிக்கிற பெருஞ்சுழல் முறை பாவியுங்கோ. மையத்தில கணிப்பு வலையின்ர கண்ணறை 1 மி.மீ, கூரண்ட் எண் (ஒரு நேரப்படியில தண்ணி எத்தினை கண்ணறை தாண்டுது எண்ட அளவு) 0.5க்குக் கீழ.

சுன்னாகம் பைப்:
ஆரும் கேக்கேல்லை, எண்டாலும் கோண்டாவில்காரருக்குச் சொல்லோணும். முதல்ல காத்து எதால வருது எண்டு பிரிச்சுப் பாருங்கோ. மெசின் வேகத்தைக் குறையுங்கோ. சுழிக் காத்தெண்டால் கொஞ்ச நேரத்தில நிண்டிடும். பொருத்தால வாற காத்து நிக்காது. சக்சன் பொருத்துகளில சவுக்கார நுரை பூசினால், கசியிற இடத்தில நுரை உள்ள இழுபடும். சுழிதான் எண்டால் வாயைப் பெருப்பியுங்கோ. 4 இஞ்சிப் புட்வால்வு, அதுக்கு மேல 4க்கு 2 றெடியூசர் (விட்டத்தைக் குறைக்கிற துண்டு). வாய் வேகம் 0.64 மீ/செ ஆகுது, அதே சூத்திரத்தில 25 செ.மீ ஆழம் போதும். மெசின் வேகத்தைக் குறைக்காமல் பாதி ஆழம் மிச்சம்! மெசினடியில படுக்கையா றெடியூசர் போடுறதெண்டால் ஒருபக்கம் தட்டையானது, தட்டைப் பக்கம் மேல. இல்லாட்டி அங்க காத்து தங்கும். குழாயைச் சுவரை விட்டு எடுங்கோ. அதுக்கும் அடங்காட்டில், ஒன்றரை இஞ்சி எஸ்லோன் (பிவிசி) பைப் துண்டுகளை ரெண்டு முனையும் மூடி, 4 இஞ்சி இடைவெளியில 2 அடிக்கு 2 அடிச் சட்டமாக் கட்டிக் குழாயைச் சுத்தி மிதக்க விடுங்கோ. மேற்பரப்புச் சுழற்சி அதில முட்டி உடையும். அடியில இருந்து எழும்புற சுழிக்கு இது உதவாது.

கோண்டாவில் இறைப்பு:
@சுன்னாகம் பைப், 4 இஞ்சிப் புட்வால்வுக்குக் கிணத்தடியில இருந்து எவ்வளவு விடவேணும்? அடியில சேறு.

சுன்னாகம் பைப்:
தொட்டியெண்டால் வாய் விட்டத்தில 0.3 முதல் 0.5 பங்கு. சேத்துக் கிணறெண்டால் ஒரு அடி விடுங்கோ, மேல 25 செ.மீ இருக்கோ எண்டு வத்தின நேரத்து மட்டத்தில அளவுங்கோ. இறைக்கத் தொடங்கேக்க இருக்கிற மட்டத்தில இல்லை.