மறு: எச்.வி.டி.சி.க்குத் தமிழ்ச்சொல் – ‘ஓட்டமாற்றி’ என்று ஒரு பரிந்துரை

அனைவருக்கும் வணக்கம்.

எச்.வி.டி.சி. என்பது ஒரே திசையில் ஓடும் மின்னோட்டத்தை உயர்ந்த அழுத்தத்தில் நெடுந்தூரம் அனுப்பும் முறை. அதற்கு இழையில் இதுவரை வந்த சொற்களைப் படித்தேன்: ‘கடலடி மின்வடம்’, ‘ஆழ்கடல் மின்பாதை’, ‘உயர் மின்னழுத்த நேர்த்திசை மின்னோட்டக் கம்பித்தடம்’. மூன்றும் கேபிளையே பிடித்துக்கொண்டிருக்கின்றன. தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே கிடப்பது கேபிள் என்பதால் கண் அங்கே போவது இயல்புதான். ஆனால் இந்தத் தொழில்நுட்பத்தின் உயிர் இரு கரைகளிலும் நின்று ஓட்டத்தின் வகையை மாற்றும் நிலையங்களில் இருக்கிறது. முதலில் அதற்கு ஒரு நல்ல பெயர் வைப்போம், மற்றவை பின்னால் வரும்.

வீட்டுக்கு வரும் மாறுதிசை மின்னோட்டத்தையே (ஏ.சி.) கடலுக்கடியில் அனுப்பினால் என்ன என்று ஒரு நண்பர் கேட்டிருந்தார். நடுவில் கடத்தி, சுற்றிலும் காப்பு, அதற்கு மேல் உலோக உறை என்று இருப்பதால் கடலடிக் கேபிள் நெடுக ஒரு மின்தேக்கிதான். 50 ஹெர்ட்ஸ் என்றால் ஓட்டம் நொடிக்கு 100 முறை திசை மாறும். ஒவ்வொரு முறையும் கேபிள் முழுவதையும் மின்னேற்றி இறக்க வேண்டும். நீளம் கூடக் கூட, இந்த வீண் ஓட்டமே கேபிளின் திறனைத் தின்றுவிடும். நிலத்தில் வழியில் ஆங்காங்கே ஈடுசெய்யும் கருவிகளை வைக்கலாம், கடல் தரையில் அது நடக்காது. ஒரே திசையில் ஓடும் நேரோட்டத்தில் (டி.சி.) ஒருமுறை மின்னேறிவிட்டால் அந்தத் தொல்லை தீர்ந்தது.

சுவீடனின் கோட்லாந்து தீவுக்கு 1954-இல் போட்ட இணைப்பில் 20 மெகாவாட், 100 கிலோவோல்ட், 100 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரம். ஒரே ஒரு கேபிள், திரும்பும் ஓட்டம் கடல்நீர் வழியே. உனோ லாம் என்ற பொறியாளர் ஏறக்குறைய கால் நூற்றாண்டு உழைத்தது அந்தக் கேபிளுக்காக அல்ல, கரையில் நின்ற பாதரச வில் வால்வுக்காக, அதாவது ஓட்டத்தை ஒரு திசையில் மட்டும் விடும் சாதனத்துக்காக. அவ்வளவு உயர்ந்த அழுத்தத்தைத் தாங்கி, மாறுதிசையை நேராக்கி, மறுகரையில் மீண்டும் மாறுதிசையாக்கும் கருவி அதற்கு முன் கைவசம் இல்லை. பின்னாளில் தைரிஸ்டர் என்ற அரைக்கடத்திச் சாதனம் வந்து பாதரசத்தை வெளியேற்றியது.

சரி, இந்தக் கருவிக்கு என்ன பெயர்? ‘மாற்றி’ என்ற சொல்லை டிரான்ஸ்பார்மருக்கு ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். இதையும் ‘மின்மாற்றி நிலையம்’ என்று எழுதினால், தெருமுனையில் கம்பத்தில் தொங்குவதன் பெரிய வடிவம் என்றுதான் வாசகர் நினைப்பார். அதைவிடச் சிக்கல், இந்த நிலையத்துக்குள்ளேயே டிரான்ஸ்பார்மர்களும் இருக்கின்றன. வால்வுக் கூடத்தின் சுவரை ஒட்டி அவை நிற்கும், அவற்றின் புஷ்ஷிங்குகள், அதாவது மின்கடத்தியைச் சுற்றிய காப்புக் குழல்கள், சுவரைத் துளைத்து உள்ளே நீளும். ‘மின்மாற்றியிலிருந்து மின்சாரம் மின்மாற்றிக்குள் செல்கிறது’ என்று எழுத முடியாது.

‘அலைதிருத்தி’ போதும் என்றார் இன்னொரு நண்பர். அது ரெக்டிஃபையர், மாறுதிசையை நேராக்கும் ஒரு வழிக்கு மட்டுமே பொருந்தும். நியூசிலாந்தில் 1965 முதல் தென்தீவின் பென்மோரையும் வடதீவின் ஹேவார்ட்ஸையும் இணைக்கும் தொடுப்பு இருக்கிறது. தென்தீவின் நீர்மின்சாரம் பெரும்பாலும் வடக்கே போகும். தெற்கே ஏரிகள் வற்றினால் ஓட்டம் தெற்கு நோக்கித் திரும்பும். அப்போது பென்மோர் செய்வது அலைதிருத்தியின் வேலைக்கு நேரெதிர். இரண்டு வேலைக்கும் பொதுவான பெயர் வேண்டும்.

என் பரிந்துரை ‘ஓட்டமாற்றி’. மின்மாற்றி அழுத்தத்தை மாற்றுகிறது, இது ஓட்டத்தின் வகையை மாற்றுகிறது. ‘மின்னோட்டமாற்றி’ என்று நீட்ட வேண்டாம். மின்வாரியத்தார் சி.டி. (கரண்ட் டிரான்ஸ்பார்மர்) என்று சொல்லும் அளவைக் கருவியோடு குழம்பிவிடும். சி.டி. மின்மாற்றிக் குடும்பத்தைச் சேர்ந்தது, ‘மின்னோட்ட மின்மாற்றி’ என்றே இருக்கட்டும்.

இந்தச் சொல் கிளை விடவும் இடம் தருகிறது. ஜப்பானில் 2018 செப்டம்பர் 6 அன்று நிலநடுக்கத்தில் ஹொக்கைடோ தீவு முழுவதும் இருண்டது. ஹொன்ஷூவிலிருந்து 600 மெகாவாட் கொண்டுவரக்கூடிய கடலடி இணைப்பு இருந்தும், இருண்ட தீவை உயிர்ப்பிக்க அதனால் முடியவில்லை. அங்கிருந்த பழைய வகை ஓட்டமாற்றி இயங்க இரு கரைகளிலும் மாறுதிசை அழுத்தம் ஏற்கெனவே இருக்க வேண்டும். 2019 மார்ச்சில் செய்கான் சுரங்கம் வழியே வந்த 300 மெகாவாட் இணைப்பில் அந்தத் தேவை இல்லை. அது தானே மாறுதிசை அலையை உருவாக்கும். மின்தொகுப்பை (கிரிட்) நம்பியிருக்கும் முதல் வகையைத் ‘தொகுப்புச் சார்பு ஓட்டமாற்றி’ என்றும், இரண்டாவதைத் ‘தற்சார்பு ஓட்டமாற்றி’ என்றும் சொல்லலாம். கேபிளுக்கு மட்டும் பெயர் வைத்திருந்தால் இந்த வேறுபாட்டைச் சொல்ல வழியே இருக்காது. தமிழ்நாட்டிலும் இது தேவைப்படும்: சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூர் வரும் 800 கிலோவோல்ட் தடம் முதல் வகை, புகளூரிலிருந்து திருச்சூர் போகும் 320 கிலோவோல்ட் தடம் இரண்டாம் வகை.

நேர்த்திசை மின்னோட்டமா, நேரோட்டமா என்பதில் நான் யாழ்ப்பாண நண்பரின் பக்கம். இலங்கைப் பாடநூல்களின் நேரோட்டம் (டி.சி.), ஆடலோட்டம் (ஏ.சி.) என்ற இணை சுருக்கமானது, காதுக்கும் இனியது. அதை நாம் எடுத்துக்கொள்வதில் குறைவொன்றும் இல்லை. முழுப்பெயர் ‘உயரழுத்த நேரோட்டத் தொடுப்பு’, பேச்சில் ‘நேரோட்டத் தொடுப்பு’ போதும். 2025 ஏப்ரலில் கொழும்பில் இந்தியாவும் இலங்கையும் இத்தகைய தொடுப்புக்குப் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டன. வேலை தொடங்கினால் இரு கரைச் செய்தித்தாள்களும் தினமும் இதை எழுத வேண்டிவரும். நாம் டிரான்ஸ்பார்மரை மின்மாற்றி என்கிறோம், அவர்கள் நிலைமாற்றி என்கிறார்கள். ‘ஓட்டமாற்றி’ இரண்டோடும் மோதாது என்பதையும் பார்த்துத்தான் சொல்கிறேன்.

வால்வை மட்டும் வால்வாகவே விட்டுவிடலாம். வால்வுக்கான ‘ஓரதர்’ போன்ற தமிழ்ச்சொற்களை இங்கே இழுத்தால் நிலையத்தில் வேலை பார்ப்பவர்களே சொல்லமாட்டார்கள். ‘வால்வுக் கூடம்’ நன்றாகவே ஒலிக்கிறது.

‘ஓட்டமாற்றி’யை ஏற்காதவர்கள், தங்கள் சொல்லையும் மின்மாற்றியையும் ஒரே வாக்கியத்தில் வைத்து ஒரு பத்தி எழுதி அனுப்புங்கள், ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்வோம்.