ரெபின் வரைந்த முசோர்க்ஸ்கி: சோகமா, முறைப்பா?

சன்னலோரம்:
ரஷ்ய ஓவியர் இல்யா ரெபின் 1881-இல் வரைந்த இசையமைப்பாளர் முசோர்க்ஸ்கியின் உருவப்படம் மாஸ்கோ திரெத்யாகோவ் காட்சியகத்தில் இருக்கிறது. கலைந்த தலை, சிவந்த மூக்கு, ஆஸ்பத்திரி அங்கி. என் நண்பர்களிடம் காட்டினால் எல்லாரும் "சாகப்போகிறவரின் சோகம்" என்கிறார்கள். எனக்கென்னவோ ஆள் யாரையோ முறைப்பது போல்தான் இருக்கிறது. கோளாறு என் கண்ணிலா?

மைக்கூடு:
அதெல்லாம் இல்லை. கதையைக் கேட்டுவிட்டுப் படத்தைப் பார்ப்பதால் வரும் வினை. பீட்டர்ஸ்பர்க் ராணுவ மருத்துவமனையில் நான்கே நாளில் வரைந்தது. இரண்டு வாரத்துக்குள் ஆள் போய்விட்டார், வயது 42. எல்லாம் குடி. இது தெரிந்தபின் வேறெது கண்ணில் படும்?

நான் பென்சிலில் முகங்கள் வரைகிறவன். முகபாவம் பிடிபடாவிட்டால் முகத்தைத் துண்டு துண்டாக மறைத்துப் பார்ப்பேன். சிரிப்போ வருத்தமோ, முதலில் காட்டிக்கொடுப்பது உதட்டோரம். இங்கே மீசையும் தாடியும் அதை மூடிவிட்டன. மொத்தப் பாரமும் கண்ணிலும் புருவத்திலும்தான். கண்களைக் கையால் மறையுங்கள்: ஊதிய கன்னம், சிவந்த மூக்கு, வெறும் நோயாளி. கையை எடுத்தால் நம்மைச் சட்டை செய்யாமல் பக்கவாட்டில் நிலைத்த பார்வை. கெஞ்சல் துளியும் இல்லை. உங்கள் கட்சிதான் நானும்.

மூக்கையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். அங்கி பச்சை, அதன் பக்கத்தில் எந்தச் சிவப்பும் துள்ளும். கழுத்துப் பட்டையும் கருஞ்சிவப்பு. அங்கியை ஒரு காகிதத்தால் மறைத்தால் மூக்கு கொஞ்சம் அடங்கும்.

தெருவிளக்கு:
ஒரு தகவல். ஜார் இரண்டாம் அலெக்சாந்தர் குண்டுவீச்சில் கொல்லப்பட்டதற்கு மறுநாள்தான் ரெபின் தூரிகையை எடுத்தார். ஊரே கலங்கிக் கிடந்த நேரம். அந்தக் கலவரம் கண்ணில் இருக்காதா?

மைக்கூடு:
இருக்கலாம். ஆனால் படத்தில் அதற்குச் சாட்சி இல்லை. தேதியை வைத்து முகம் பார்ப்பது ஜோசியம்.

சன்னலோரம்:
மறைத்துப் பார்த்தேன், நிஜமாகவே வேறு ஆள்! அப்புறம் பெயர் சொல்லாமல் என் மனைவியிடம் காட்டினேன். "யார்கிட்டயோ கடன் கேட்டு, இல்லைன்னுட்டாங்க போல" என்றாள்.

மைக்கூடு:
அட, அவமானம்! சோகமா முறைப்பா என்று நாம் கட்சி கட்டிக்கொண்டிருந்ததில் அது தோன்றவே இல்லை. அவர் சொன்னதற்குத்தான் படத்தில் சாட்சி அதிகம்: அவமானப்பட்டவர்கள்தான் இப்படி எதிரில் இருப்பவரை விட்டுப் பக்கத்தில் பார்ப்பார்கள்.