போன் லொக்கில இருந்தா உள்ள இருக்கிறது பாதுகாப்பா?

வாவிக்கரை (கல்லடி):
அரசாங்கம் கேட்டாலும் போனைத் திறக்க ஏலாது என்கிறாங்க. 4 இலக்க பின் போதுமா? வட்ஸ்அப் பேக்கப் கூகுள் டிரைவில கிடக்கு, அது எப்படி?

மருதமுனைத்தறி:
4 இலக்கம் என்றால் 10,000 சேர்க்கைதான். ஐபோனில ஒரு முயற்சிக்குக் கிட்டத்தட்ட 80 மில்லிசெக்கன். பிழையா அடிச்சா காக்க வைக்கிற தாமதப் பூட்டை ஒரு கருவி தாண்டிட்டால் கால் மணித்தியாலத்துக்குள்ள முடிஞ்சிரும். 6 இலக்கத்துக்கு 22 மணித்தியாலம். எழுத்தும் இலக்கமும் கலந்து போடுங்க, தம்பி.

மற்றது, ஓன் பண்ணி ஒருக்கா பின் அடிச்ச பிறகு உள்ள இருக்கிறதைத் திறக்கிற குறியாக்கத் திறவுகோல்கள் மெமரியில தங்கிரும்; திரை லொக்கானாலும் அநேகமானவை போகாது. போனைக் குடுக்க வேண்டி வந்தா முதல்ல ஓஃப் பண்ணுங்க. கைரேகையும் அதுக்குப் பிறகு வேலை செய்யாது.

பாசிக்குடா_23:
நானா சொன்னது போனுக்குச் சரி. ஆனா ஓட்டை இருக்கிறது பேக்கப்பிலதான், போன் லொக் அதைக் காக்காது. வட்ஸ்அப் அமைப்புகள், சட், பேக்கப் என்று போய் முழுக் குறியாக்கத்தை (end-to-end encrypted backup, உங்கட திறவுகோல் இல்லாம ஒருத்தரும் வாசிக்க ஏலாது) ஓன் பண்ணுங்க. கடவுச்சொல் அல்லது 64 இலக்கத் திறவுகோல் கேட்கும். அதைத் தாளில எழுதி வையுங்க, துலைச்சா வட்ஸ்அப்பாலும் மீட்க ஏலாது.

அப்பிளின் இணையச் சேமிப்பான ஐகிளவுட்டும் அப்படித்தான்: மேம்பட்ட பாதுகாப்பு (Advanced Data Protection) ஓஃப் என்றால் பேக்கப்பின் திறவுகோல் அப்பிளிடமும் இருக்கும், சட்டப்படி கேட்டால் குடுக்கலாம். 2025 பெப்ரவரியில பிரித்தானிய அரசின் நெருக்குதலால அந்த வசதியையே அங்க புதுப் பாவனையாளருக்கு நிப்பாட்டினாங்க.

வாவிக்கரை:
பழைய பேக்கப் டிரைவில அப்படியே கிடக்குமா?

பாசிக்குடா_23:
ஓன் பண்ணினதும் புதுசா ஒண்டு எடுங்க. பிறகு டிரைவின் பேக்கப் பகுதியைப் பாருங்க, பழசு இருந்தா அழியுங்க.