பிசி, பிஎஸ்5 இரண்டுக்கும் ஒரே ஆர்கேட் ஸ்டிக்: எதை வாங்கலாம்?

வணக்கம். கிருஷ்ணகிரியில் இருக்கிறேன். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6 என்ற சண்டை கேம் விளையாட கம்ப்யூட்டருக்கும் பிஎஸ்5-க்கும் (சோனியின் பிளேஸ்டேஷன் 5) சேர்த்து ஒரே ஆர்கேட் ஸ்டிக் (லிவரும் பெரிய பட்டன்களும் உள்ள கன்ட்ரோலர்) வேண்டும்.

தீபாவளிக்கு முன் ஆன்லைனில் வாங்கிய, பிராண்ட் பெயர் இல்லாத ஒன்று இருக்கிறது. உள்ளே ஜீரோ டிலே போர்டு (லிவர், பட்டன் அசைவுகளை யுஎஸ்பி வழியாக அனுப்பும் சர்க்யூட்). கம்ப்யூட்டரில் ஓடுகிறது. பிஎஸ்5-இல் சொருகினால் விளக்கு மட்டும் எரிகிறது, ஒரு பட்டனும் எடுக்கவில்லை. கேபிள், போர்ட் எல்லாம் மாற்றியாயிற்று, அப்டேட்டும் போட்டாயிற்று. சோனியின் அங்கீகாரம் இல்லாத போர்டை அது ஏற்காது என்பது இப்போது புரிகிறது.

லிவரும் தொல்லைதான். கீழிருந்து முன்னால் உருட்டும்போது நடுவில் வரும் மூலைத் திசை பதிவாவதில்லை. அப்படி உருட்டிக் குத்து பட்டனை அழுத்தினால் வரும் ஹடோகென் (கையிலிருந்து பாயும் ஒளிப்பந்து) போட்டால் வெறும் குத்துதான் விழுகிறது. லிவர் எதுவரை நகரலாம் என்று தடுக்கும் சதுர கேட்டை (துளையுள்ள தகடு) எடுத்துவிட்டு எண்கோண கேட் போட்டும் அப்படியே.

ஓசூர் வரை கேட்டுவிட்டேன், கடையில் எதுவும் இல்லை. கையில் பிடித்துப் பார்க்காமல்தான் வாங்க வேண்டும். ஹோரி ஃபைட்டிங் ஸ்டிக் ஆல்ஃபா, கான்பா ட்ரோன் 2 இரண்டும் பிஎஸ்5, பிஎஸ்4, பிசி மூன்றிலும் வேலை செய்பவை என்பதால் இவற்றில் ஒன்று என்று முடிவு செய்திருக்கிறேன். மடியில் வைத்துத்தான் ஆடுவேன். அப்புறம் சான்வா (ஆர்கேட் பாகங்கள் செய்யும் ஜப்பானிய நிறுவனம்) லிவர் மாற்றும் ஆசையும் உண்டு.

பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்: மடியில் நழுவாமல் நின்று, லிவர் மாற்றவும் சுலபமாக இருப்பது இந்த இரண்டில் எது?