விடியற்காலை ஸ்டார் சைட் மட்டும் ஒரு டிகிரி அளவுக்கு மேற்கே விழுகிறது: எங்கே தேடுவது?

கேடட்_முத்துநகர்:

அனைவருக்கும் வணக்கம். பல்க் கேரியரில் டெக் கேடட்டாக இருக்கிறேன். சீஃப் மேட்டோடு 4-8 வாட்ச். டோண்ட்ரா ஹெட் (இலங்கையின் தென்முனை) தாண்டி மலாக்கா நோக்கி, 6 டிகிரி வடக்கை ஒட்டிப் போனபோது எடுத்த சைட்டுகள் (செக்ஸ்டன்ட் கருவியால் வான்பொருளின் உயரக் கோணத்தை அளப்பது) பற்றிய சந்தேகம். கப்பல் மணி ஜி.எம்.டி. (கிரீன்விச் நேரம்) கூட்டல் 6.

மாலை நட்சத்திரங்கள் ஒழுங்காக வருகின்றன. ஜி.பி.எஸ். நிலைக்கும் என் ஃபிக்ஸுக்கும் (சைட்டுகளிலிருந்து கணக்கிட்ட கப்பல் நிலை) ஒன்றரை மைல்தான் வித்தியாசம். முற்பகல் சூரியன், நடுப்பகல் லேட்டிட்யூட் இரண்டிலும் குறை இல்லை. விடியற்காலை நட்சத்திரம் மட்டும் எப்போது எடுத்தாலும் ஃபிக்ஸ் மேற்கே போய் உட்கார்ந்துகொள்கிறது. 2025 மார்ச் 11 காலைக் கணக்கைத் தருகிறேன். ஜி.பி.எஸ். 5°58' வடக்கு, 86°12' கிழக்கு. அதையே டி.ஆர். (உத்தேச நிலை) ஆக வைத்துக் கணக்குப் போட்டேன். அசிமத் என்பது நட்சத்திரம் இருக்கும் திசை. அளந்த உயரம் கணக்கிட்டதைவிடக் குறைந்தால் கோடு நட்சத்திரத்திலிருந்து விலகும் (அவே), கூடினால் அதை நோக்கி நகரும் (டுவர்ட்ஸ்).

ஆல்டேர்: அசிமத் 083°, 56 மைல் அவே
வேகா: 033°, 31 மைல் அவே
அன்டாரெஸ்: 188°, 8 மைல் டுவர்ட்ஸ்
ஆர்க்டுரஸ்: 293°, 52 மைல் டுவர்ட்ஸ்

நாலு கோடும் கிட்டத்தட்ட ஒரே புள்ளியில் சந்திக்கின்றன. அந்தப் புள்ளி 5°58' வடக்கு, 85°15' கிழக்கு. லேட்டிட்யூட் அப்படியே பொருந்துகிறது, லாங்கிட்யூட் மட்டும் 57' (கோண மினிட்) மேற்கு. நட்சத்திரத்தை மாற்றி அடையாளம் கண்டிருந்தால் கோடுகள் இப்படி ஒன்றுகூடாது என்று நினைக்கிறேன். கண் உயரம் 24 மீட்டர், இண்டெக்ஸ் எர்ரர் (செக்ஸ்டன்டின் பூஜ்யப் பிழை) 0.8' ஆன் தி ஆர்க். செகண்ட் மேட் ஓரல்ஸுக்கு (வாய்மொழித் தேர்வு) தயாராகிறேன். அதைவிட, இந்தக் கணக்கு என் கைக்கு வர வேண்டும் என்ற ஆசை அதிகம். எங்கே தேடலாம் என்று சொல்லுங்கள்.

செக்ஸ்டன்ட்காரன்:

தம்பி, முதலில் கருவியைப் பார். இண்டெக்ஸ் எர்ரரை ஒவ்வொரு முறையும் சைட்டுக்கு முன்னும் பின்னும் எடுக்கிறாயா? விடியற்காலையில் அடிவானம் மங்கலாக இருக்கும்போது நட்சத்திரத்தைச் சரியாகத் தொட வைக்காமல் விட்டுவிடுவோம். டிப் கரெக்ஷனை (கண் உயரத்துக்கான திருத்தம்) கழிக்கிறாயா, கூட்டுகிறாயா? 24 மீட்டருக்கு 8.6' வரும், எப்போதும் கழித்தல்தான்.

வங்கக்கடல்:

எனக்குக் கிரானோமீட்டர் (கப்பலின் துல்லியக் கடிகாரம்) மேல்தான் சந்தேகம். நாலு வினாடிக்கு 1', நாலு நிமிடத்துக்கு 1 டிகிரி. லேட்டிட்யூட் சரியாக இருந்து லாங்கிட்யூட் மட்டும் தள்ளிப் போனால் அது நேரப் பிழைதான். 57' என்றால் 3 நிமிடம் 48 வினாடி. ரேடியோ டைம் சிக்னலோடு ஒப்பிட்டுப் பார்.

கேடட்_முத்துநகர்:

இருவருக்கும் நன்றி. டிப் கழித்துத்தான் இருக்கிறது. இண்டெக்ஸ் எர்ரரை சீஃப் மேட்டும் சரிபார்த்தார். கிரானோமீட்டரை ஜி.பி.எஸ். நேரத்தோடு தினமும் ஒப்பிட்டு எழுதுகிறோம், பிழை ஓரிரு வினாடிதான். அன்டாரெஸுக்கு நான் எழுதியதை அப்படியே தருகிறேன். ஜி.எச்.ஏ. என்பது கிரீன்விச்சிலிருந்து மேற்கே அளக்கும் கோணம், ஏரீஸ் என்பது நட்சத்திரங்களுக்கான பொதுத் தொடக்கப் புள்ளி. மணிக்கான எண்ணை அல்மனாக்கிலிருந்து (வான்பொருள்களின் நிலையைத் தரும் ஆண்டு அட்டவணை) எடுத்து, மிச்ச நிமிட வினாடிக்கு இன்க்ரிமென்ட்டைக் கூட்டுவோம்:

கப்பல் மணி, மார்ச் 11, 05-50-16
ஜி.எம்.டி. 23-50-16
ஏரீஸ் ஜி.எச்.ஏ., 23 மணிக்கு: 154°51.2'
இன்க்ரிமென்ட், 50 நிமிடம் 16 வினாடிக்கு: 12°34.0'
கூட்டினால்: 167°25.2'

இதோடு எஸ்.எச்.ஏ.வும் (ஏரீஸிலிருந்து நட்சத்திரம் வரை உள்ள கோணம்) கிழக்கு லாங்கிட்யூடும் கூட்டி எல்.எச்.ஏ. (நம் லாங்கிட்யூடிலிருந்து நட்சத்திரம் வரை உள்ள கோணம்) எடுத்தேன். மற்ற மூன்றுக்கும் இதே முறைதான்.

ஓய்வுபெற்ற_மாஸ்டர்:

தம்பி, கணக்கை வரிவரியாகப் போட்டது நல்லதாகப் போயிற்று. விடை அதிலேயே இருக்கிறது. ஆனால் விடைக்கு முன்னால், உன் முதல் பதிவில் இருக்கும் எண்களைக் கொஞ்சம் பார். அல்மனாக்கைத் திறக்காமலேயே பாதி விஷயத்தை அவை சொல்லிவிடுகின்றன.

செக்ஸ்டன்ட் பிழையோ டிப் பிழையோ இருந்தால் நாலு நட்சத்திரத்துக்கும் ஒரே பக்கமாகப் பிழை வரும். எல்லாமே அவே, இல்லாவிட்டால் எல்லாமே டுவர்ட்ஸ். நாலு திசையிலும் நட்சத்திரம் பிடித்திருப்பதால் நடுவில் ஒரு பெரிய கட்டம் விழுந்திருக்கும், ஃபிக்ஸ் இவ்வளவு தூரம் நகராது. உனக்கோ கிழக்கே இருப்பது அவே, மேற்கே இருப்பது டுவர்ட்ஸ். தெற்கே இருக்கும் அன்டாரெஸில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. ஆக, வானம் மொத்தமும் மேற்குப் பக்கம் நகர்ந்தது போல ஒரு பிழை. உயரத்தில் குறை இல்லை, ஜி.எச்.ஏ.வில்தான் குறை.

வங்கக்கடல் சொன்ன நேரப் பிழை இதே உருவத்தில்தான் வரும், அவர் யோசனை நியாயமானது. ஆனால் கடிகாரம் நாலு நிமிடம் தப்பாக இருந்தால் முற்பகல் சூரியனும் ஒரு டிகிரி தள்ளிப் போயிருக்கும், மாலை நட்சத்திரமும் போயிருக்கும். இரண்டும் சரியாக வருகின்றன. அதனால் கடிகாரத்தை விட்டுவிடலாம். விடியற்காலையில் மட்டும், நட்சத்திரத்தில் மட்டும் வரும் ஜி.எச்.ஏ. பிழை எது என்று கேட்டால் எனக்குத் தெரிந்து ஒன்றுதான் இருக்கிறது.

கப்பல் மணி காலை 05-50, ஜி.எம்.டி. கூட்டல் 6. ஆறு மணி நேரத்தைக் கழித்தால் கிரீன்விச்சில் முந்தின நாள் இரவு 23-50. அதாவது மார்ச் 10. நீ மணியைச் சரியாக 23 என்று எழுதினாய், தேதியைக் கப்பல் காலண்டரிலிருந்து எடுத்துக்கொண்டாய். நீ எழுதியிருக்கும் 154°51.2' என்பது மார்ச் 11ஆம் தேதி 23 மணி வரி. உனக்கு வேண்டியது மார்ச் 10ஆம் தேதி 23 மணி வரி, அது 153°52.1'. இரண்டுக்கும் வித்தியாசம் 59.1'.

மாலையில் 18-38க்கு எடுத்தால் ஜி.எம்.டி. 12-38, தேதி மாறுவதில்லை. முற்பகல் 09-10க்கு சூரியன் எடுத்தால் 03-10, அப்போதும் அதே தேதி. விடியற்காலை ஒன்றில்தான் தேதி பின்னால் போகிறது. மேற்கு லாங்கிட்யூடில் இது தலைகீழாகும். மெக்சிகோ வளைகுடாவில் கப்பல் மணி ஜி.எம்.டி. கழித்தல் 6 என்றால், மாலை 18-40க்கு எடுத்த நட்சத்திரத்துக்கு மறுநாள் 00-40 வரியைப் பார்க்க வேண்டும். அங்கே காலை சைட் ஒழுங்காக வந்து மாலை சைட் உன்னைப் படுத்தும்.

12 மணி முகப்புள்ள கிரானோமீட்டரை வைத்துப் பழகியவர்களுக்கு இது இன்னும் முக்கியம். முள் 11-50 காட்டினால் அது 11-50ஆ, 23-50ஆ, எந்தத் தேதி என்பதைக் கப்பல் மணியையும் ஜோனையும் (நேர மண்டலம்) வைத்து முதலில் தீர்மானித்த பிறகுதான் அல்மனாக்கைத் தொட வேண்டும். ஓரல்ஸில் இதைக் கட்டாயம் எதிர்பார்.

செக்ஸ்டன்ட்காரன்:

கேப்டன் சார், தேதி விஷயம் புரிகிறது. ஆனால் தேதிப் பிழை 59.1' என்றால் தம்பிக்கு 57' தானே வந்திருக்கிறது? இரண்டு மினிட் எங்கே போயிற்று? ஃபிக்ஸ் நன்றாகச் சேர்ந்திருப்பதால் இதைச் சைட் பிழை என்று தள்ளிவிட மனம் வரவில்லை.

ஓய்வுபெற்ற_மாஸ்டர்:

சரியான கேள்வி. அந்த இரண்டு மினிட் இன்க்ரிமென்ட்டில் இருக்கிறது. 50 நிமிடம் 16 வினாடிக்குத் தம்பி 12°34.0' எடுத்திருக்கிறார். அது சூரியன், கிரகங்களுக்கான பத்தி. ஏரீஸ் பத்தி அதற்கு அடுத்தது, அதில் 12°36.1' இருக்கும். சூரியன் மணிக்குச் சரியாக 15 டிகிரி. ஏரீஸ் மணிக்கு 15°02.46'. ஒவ்வொரு நிமிடப் பக்கத்திலும் சூரியன், ஏரீஸ், சந்திரன் என்று மூன்று பத்தியும் ஒட்டி ஒட்டி அச்சாகியிருப்பதால் விரல் பக்கத்தில் இருப்பதன் மேல் போய்விடும்.

தேதிப் பிழை மேற்கே 59.1', பத்திப் பிழை கிழக்கே 2.1'. இரண்டும் சேர்ந்து 57'. தம்பி, மாலை சைட்டில் வரும் அந்த ஒன்றரை மைல் எப்போதும் கிழக்குப் பக்கமாகத்தான் விழுகிறதா என்று பழைய கணக்கைப் புரட்டிப் பார். 12-38 என்றால் 38 நிமிடத்துக்கு 1.6' வர வேண்டும்.

சரியான கணக்கு இது: 153°52.1' கூட்டல் 12°36.1', ஆக 166°28.2'.

வானம்பாடி:

நான் கப்பல்காரன் இல்லை, தொலைநோக்கி வைத்து வானம் பார்ப்பவன். இந்த 59.1' எங்கிருந்து வருகிறது என்று மட்டும் சொல்லிவிடுகிறேன். பூமி சூரியனைச் சுற்றி வருவதால் நட்சத்திரங்கள் ஒவ்வொரு நாளும் சுமார் 3 நிமிடம் 56 வினாடி முன்னதாக உதிக்கின்றன. அந்த நேரத்தைக் கோணமாக மாற்றினால் அதே 59.1'. கடிகாரப் பிழையும் தேதிப் பிழையும் இங்கே ஒரே முகத்தோடு வந்ததற்குக் காரணம் இதுதான். வங்கக்கடல் சொன்ன 3 நிமிடம் 48 வினாடியும் இதற்குப் பக்கத்தில் வந்ததைக் கவனியுங்கள்.

எஸ்.எச்.ஏ.வும் டெக்லினேஷனும் (வான நடுக்கோட்டிலிருந்து வடக்கே அல்லது தெற்கே உள்ள கோணம்) மூன்று நாள் பக்கத்துக்கு ஒரே எண்ணாகத்தான் கொடுத்திருப்பார்கள். அதனால் தேதி ஒரு நாள் தவறினாலும் அவற்றில் ஒன்றும் தெரியாது. பிழை முழுவதும் ஏரீஸ் வழியாகவே நுழைகிறது, அதனால்தான் நாலு நட்சத்திரமும் ஒரே அளவில் நகர்ந்து ஒரே இடத்தில் கூடின. சந்திரனை எடுத்திருந்தால் அதன் ஜி.எச்.ஏ. ஒரே நாளில் சுமார் 12 டிகிரி மாறியிருக்கும், உடனே பிடிபட்டிருக்கும். சூரியனில் ஜி.எச்.ஏ. சில மினிட்தான் மாறும், ஆனால் மார்ச் மாதத்தில் டெக்லினேஷன் நாளுக்கு 23', 24' வரை ஓடும். ஜூன் 21ஐ ஒட்டி அதுவும் அனேகமாக அசையாது, அப்போது தேதி மாறிப் பார்த்தாலும் சூரியன் காட்டிக்கொடுக்காது.

இன்னொன்று. அல்மனாக்கில் நாள் நள்ளிரவில் தொடங்குவது 1925 ஜனவரி 1இலிருந்துதான். அதற்கு முன் வானியல் நாள் நடுப்பகலில் தொடங்கும். 1767ஆம் ஆண்டுக்கான முதல் பிரிட்டிஷ் நாட்டிக்கல் அல்மனாக்கை வானியலாளர் மாஸ்கலைன் வெளியிட்ட காலம் முதல் அதுதான் வழக்கம். அந்தக் காலத்து மாலுமிக்குத் தேதி விஷயத்தில் இதைவிட இரட்டிப்புக் கவனம் தேவைப்பட்டிருக்கும். பழைய கப்பல் குறிப்பேடுகளைப் படிக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளாவிட்டால் தேதிகள் குழம்பிவிடும்.

தம்பி எடுத்த ஆர்க்டுரஸ் நம் சுவாதி, அன்டாரெஸ் கேட்டை, ஆல்டேர் திருவோணம். அந்த மூன்றும் ஒரே விடியலில் கடல் நடுவே தெரியும் வானத்தை நினைத்தால் எனக்கு ஏக்கமாக இருக்கிறது.

வங்கக்கடல்:

சூரியன் சரியாக வருகிறது என்று தம்பி முதலிலேயே எழுதியிருந்தார். அதை வைத்தே கடிகாரத்தைத் தள்ளியிருக்கலாம் என்பது நல்ல வாதம், கேப்டன் சார். இப்போதெல்லாம் சில கடல் பகுதிகளில் ஜி.பி.எஸ். குறுக்கீடு அடிக்கடி நடக்கிறது. அந்த நேரத்தில் ஒப்பிட்டுப் பார்க்க ஜி.பி.எஸ். இருக்காது. இப்படி அழகாகக் கூடிய ஃபிக்ஸை நம்பி ஒரு டிகிரி தள்ளிக் கோடு போட்டுவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை. டி.ஆர். நிலையிலிருந்து 57 மைல் என்றால் முந்தின மாலை ஃபிக்ஸிலிருந்து ஓடிய தூரத்தோடு ஒப்பிட்டாலே இடிக்கும். 12 மணி நேரத்தில் நாலைந்து நாட் வேகம் குறைந்ததாகக் காட்டும், இன்ஜின் அப்படி ஓடவில்லை என்பது வாட்ச்சில் நின்றவருக்குத் தெரியும்.

கேடட்_முத்துநகர்:

எல்லாவற்றையும் திரும்பப் போட்டுவிட்டேன். மார்ச் 10, 23 மணி வரி, ஏரீஸ் பத்தி. இப்போது ஆல்டேர் 0.4 அவே, வேகா 0.6 டுவர்ட்ஸ், அன்டாரெஸ் 0.3 டுவர்ட்ஸ், ஆர்க்டுரஸ் 0.5 அவே. மாலை சைட்டுகளையும் எடுத்துப் பார்த்தேன். கேப்டன் சார் சொன்னபடியே எல்லாம் கிழக்குப் பக்கம்தான் விழுந்திருக்கின்றன. பத்தியை மாற்றியதும் அரை மைலுக்குள் வந்துவிட்டன. சீஃப் மேட்டிடம் காட்டினேன். இனி சைட் புத்தகத்தில் முதல் பத்தியில் ஜி.எம்.டி. தேதி, அதற்குப் பிறகுதான் மணி என்று கோடு போட்டுத் தந்திருக்கிறார்.

ஒரு சந்தேகம் மிச்சம். அன்று வெளிச்சம் வந்த பிறகும் வேகா தெரிந்ததால் கப்பல் மணி 06-02-30க்கு இன்னொரு முறை எடுத்தேன். அது எந்த வரி? ஒரே காலையில் எடுத்த சைட்டுகளுக்கு இரண்டு தேதி வருமா?

ஓய்வுபெற்ற_மாஸ்டர்:

வரும். ஜி.எம்.டி. கூட்டல் 6 மணிக் கப்பலில் காலை 06-00தான் கிரீன்விச் நள்ளிரவு. அதற்கு முன் எடுத்தது 10ஆம் தேதி, பின் எடுத்தது 11ஆம் தேதி. உன் கடைசி வேகாவுக்கு 11ஆம் தேதி 00 மணி வரி: 168°54.6'. 2 நிமிடம் 30 வினாடிக்கு ஏரீஸ் பத்தியில் 37.6'. ஆக 169°32.2'.

சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. அன்டாரெஸுக்கு வந்த 166°28.2'ஐ இதிலிருந்து கழி, 3°04.0' வரும். இரண்டு சைட்டுக்கும் இடைவெளி 12 நிமிடம் 14 வினாடி. அதே இன்க்ரிமென்ட் அட்டவணையில் 12 நிமிடப் பக்கத்தைத் திறந்து 14 வினாடிக்கு நேரே ஏரீஸ் பத்தியைப் பார், அங்கேயும் 3°04.0' இருக்க வேண்டும். தேதியில் தவறியிருந்தால் இந்த இடத்தில் ஒரு டிகிரி இடிக்கும். பேப்பரில் ஓரமாக இதை ஒரு வரி எழுதிப் பார்த்துவிட்டுச் சார்ட்டுக்குப் போ.