புதுப்பிப்பு: தரம் 7, கதைக்கருவும் வல்லினம் மிகுதலும்

கிளிநொச்சிப் பக்கம் தரம் 7 பிள்ளைகள் கதைக்கருவைக் கேட்டால் கதைச்சுருக்கம் எழுதுகிறார்கள், ஒற்றெழுத்தையும் விடுகிறார்கள், என்ன செய்யலாம் என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் தந்த எல்லாருக்கும் நன்றி.

கைகொடுத்தது கீற்று முறைதான். கதையை ஆறு கீற்றாக வெட்டிக் கலைத்து, நாலு பேருக்கு ஒரு கட்டு. அடுக்கி முடிந்ததும் சிக்கல் வரும் கீற்றை எடுத்துவிடுங்கள். மிச்சம் கதையாக நிற்காது என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். ஒன்று கவனம்: கீற்றின் தொடக்கத்தில் "பிறகு", "அடுத்த நாள்" என்று இருந்தால் வாசிக்காமலே அடுக்கிவிடுகிறார்கள். அவற்றை முதலே நீக்க வேண்டும்.

கதைக்கருவுக்கு, பாத்திரப் பெயரோ இடப்பெயரோ இல்லாத ஒரு முழு வசனம். முதலில் "ஒற்றுமை" என்று ஒற்றைச் சொல்லோடு நிறுத்தினார்கள். பயனிலை கட்டாயம் என்றதும் சரிவந்தது.

எதிர்பாராத வில்லங்கம் இலக்கணத்தில். ஐ, கு உருபுகளுக்குப் பின் வல்லினம் மிகும் (குளத்தைப் பார்த்தான், வயலுக்குப் போனான்) என்று படிப்பித்ததும், "வந்துப் போனான்" என்று கண்ட இடமெல்லாம் ஒற்றுப் போட்டார்கள். உகரத்தில் முடியும் வினையெச்சம் வன்றொடர்க் குற்றியலுகரமானால்தான் (கடைசி எழுத்துக்கு முன் வல்லின மெய் நின்றால்தான்) மிகும்: படித்துப் பார்த்தான். வந்து போனான், செய்து பார்த்தான் இரண்டிலும் மிகாது. மூன்றையும் அருகருகே எழுதிக் காட்டினால் பிடிபடுகிறது.

சொல்வளத்துக்கு அகராதிப் பட்டியல் வேண்டாம், ஊர்ச்சொல்லில் தொடங்கு என்றவர் சொன்னதும் சரி. "வான்" ஒன்றே ஒரு பாடவேளைக்குப் போதும்: ஆகாயம், வாகனம், மாரியில் இரணைமடுக் குளம் நிரம்பி வழிந்து பாயும் வான்.